நில் என்று யார் சொன்னாலும்

2024 ஜூலை 8, திங்கள்

கம்பெனி பஸ் பாலாநகரில் படுத்துவிட்டது. ராமச்சந்திராபுரத்தில் ஏறிய நான் மல்காஜ்கிரி வீட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. பெர்சிஸ் கதவைத் திறந்து, "டீ ஃபிளாஸ்க்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு கெசியாவின் அறைக்குள் போய்விட்டாள். மகள் புனேவுக்குப் படிக்கப் போனபோது விட்டுப் போன கம்ப்யூட்டர் அங்கேதான் இருக்கிறது. போரடித்தால் விளையாடும்மா என்று சொல்லிக் கொடுத்துவிட்டும் போயிருக்கிறாள்.

என் மனைவிக்கு நாற்பத்தைந்து வயது. திருமுல்கேரியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோ கேம் ஆடுகிறாள். யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூலை 11, வியாழன்

இன்று பின்னால் நின்று பார்த்தேன். ஏதோ ஒரு நிலவில் துறைமுகமாம். மற்றவர்கள் எல்லாம் விண்வெளிப் போர்க்கப்பலில் பறந்து சுடுகிறார்கள். இவள் மட்டும் ஒரு மஞ்சள் வண்டியில் உட்கார்ந்து கப்பல்களிலிருந்து சரக்குப் பெட்டி இறக்குகிறாள். ஆறு சக்கரம், முன்னால் இரண்டு இரும்புக் கை, துப்பாக்கி கிடையாது. விளையாட்டில் அதற்கு ஏதோ எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர். இவள் ஹமாலி என்கிறாள். செகந்திராபாத் ஸ்டேஷனில் மூட்டை தூக்குபவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"எதிர் எடை எங்கே? இவ்வளவு தூரம் கையை நீட்டினா குப்புற விழுமே" என்றேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கிரேனுக்குக் கீழே நிற்பவன் நான். எனக்குத் தெரியாதா?

"இங்க எடை கம்மிங்க. தூக்குறது ஈஸி. ஆனா ஓட ஆரம்பிச்சா லேசுல நிக்காது. நிறுத்துறதுதான் கஷ்டம்."

எனக்கே பாடம்.

பெட்டியைத் தூக்கியதும் எதிரில் இருப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. தரையில் இன்னொரு ஆட்டக்காரர் நின்று வழி சொல்ல வேண்டும். காது வியர்க்கிறது என்று அவள் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு ஆண் குரல். நிதானமான குரல்.

"வரட்டும் மேடம்... வரட்டும்... இடது பக்கம் கொஞ்சம்... அருமை."

அருமையாம்!

ஜூலை 13, சனி

பெயர் பாலச்சந்திரன். திருச்சியில் மருந்துக் கடை. நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "பதட்டமே படமாட்டாருங்க" என்றாள், சாம்பாரை ஊற்றிக்கொண்டே.

போட்டோவும் காட்டினாள். என் வயதுதான் இருக்கும். தலைமுடி முழுதாக இருக்கிறது. அது வேறு.

அருமை என்று நான் அவளிடம் எப்போது சொன்னேன்? யோசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தால் பரவாயில்லை என்பேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே அதுதான் பெரிய பாராட்டு. இவளுக்கு அது தெரியாதா என்ன?

ஜூலை 19, வெள்ளி

சண்டை.

நான் பின்னால் சும்மாதான் நின்றேன். அந்த ஆள் இடது என்கிறார். எனக்கு வலதுபக்கம் போனால் சுலபம் என்று தெளிவாகத் தெரிகிறது. "ரைட்டு, ரைட்டு, ரைட்டுல போ" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அவள் தடுமாறி, பெட்டி நழுவி, ஒரு கப்பலின் மூக்கு உடைந்தது. உடைந்தால் என்ன, பொம்மைக் கப்பல்தானே?

அவள் நாற்காலியோடு திரும்பினாள். "ஒரு நேரத்துல ஒருத்தர்தான் சிக்னல் கொடுக்கணும். ஆயிரம் தடவை சாப்பாட்டு மேஜையில சொல்லியிருக்கீங்க. இப்போ நீங்களே நடுவுல வர்றீங்க?"

எங்கள் ஃபேக்டரி ஷாப்பில் பெரிதாக எழுதி வைத்திருக்கும் விதி அது. சிக்னல் ஒருவர் மட்டுமே கொடுக்க வேண்டும். நில் என்பதை மட்டும் யார் சொன்னாலும் கிரேன் ஆபரேட்டர் கேட்க வேண்டும்; பெருக்குகிறவர் சொன்னாலும் சரி. முதலில் நிறுத்து, அப்புறம் ஏன் என்று கேள்.

"யார் சொன்னாலும் கேக்கணும்னும் ஒண்ணு இருக்கே" என்றேன்.

"அது நில்லுக்கு மட்டும்! நீங்க நில்லுன்னா சொன்னீங்க?"

ஸ்பீக்கரிலிருந்து அந்தக் குரல்: "பரவாயில்லை மேடம். சாருக்கு என் வணக்கம்."

என் பரவாயில்லையையும் எடுத்துக்கொண்டார்.

ஜூலை 20, சனி

தட்டை வைத்தாள், போனாள்.

ஜூலை 28, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? எனக்குப் பொறாமை. ஐம்பது வயதில், நேரில் பார்த்திராத ஒரு மருந்துக் கடைக்காரர் மேல்.

கார் ஓட்ட அவளுக்கு நான்தான் கற்றுக் கொடுத்தேன். லைசன்ஸும் வாங்கினாள். ஒருநாள் திருமுல்கேரி சாலையில் கிளட்ச், கிளட்ச் என்று நான் கத்த, வண்டியை நடுரோட்டில் நிறுத்திச் சாவியை என் மடியில் போட்டுவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பயந்த சுபாவம் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

பயந்தவள்தான் கப்பல் கப்பலாக இறக்குகிறாள். அந்த ஆள் வா என்றால் வருகிறாள், நில் என்றால் நிற்கிறாள். நான் சொல்லி எதையாவது கேட்டிருக்கிறாளா? இனிமேலாவது கேட்பாளா? அதுதான் எனக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அவர் வருகிறாராம்! அண்ணன் மகன் நிச்சயதார்த்தத்துக்கு ஹைதராபாத். நம் வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று பெர்சிஸ் கூப்பிட்டுவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

முடி வெட்டிக்கொண்டேன். சாதாரணமாகத்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வந்தார். குள்ளமான மனிதர். குரல் மட்டும் அதே குரல். பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டார். கிரேன் பற்றி ஆர்வமாகக் கேட்டார். நான் ஹைதராபாத் பாணியில் ஹவ், ஹவ் என்று ஆமாம் போட்டதற்கு மேல் பேசவில்லை. நல்ல மனிதராக இருந்தது இன்னும் எரிச்சல்.

கிளம்பும்போது ஸ்டேஷனுக்கு நான் கொண்டுவிடுகிறேன் என்று எழுந்தேன். அவர் சும்மா கேட்டார், "மேடம், நீங்க கார் ஓட்டுவீங்களா?" பெர்சிஸ் என்னைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"சாவி."

கொடுத்தேன். என்ன செய்வது?

எங்கள் பார்க்கிங்கில் ஒரு பக்கம் தூண், ஒரு பக்கம் பக்கத்து வீட்டு புல்லட். ரிவர்ஸில்தான் எடுக்க வேண்டும். வாட்ச்மேன் "ஆனே தோ, ஆனே தோ" என்று இந்தியில் வரட்டும் சொல்லிக்கொண்டே ஓடி வந்தான். அவள் ஜன்னல் வழியாக, "நக்கோ பாய், வேணாம், அவர் பாத்துப்பார்" என்றாள். அவர் என்றால் நான் இல்லை. பாலச்சந்திரன் பின்னால் போய் நின்றார். "வரட்டும் மேடம்... வரட்டும்..."

வண்டி வருது. தூணுக்கும் புல்லட்டுக்கும் நடுவுல அழகா வருது. நான் ஓரமா நிக்கிறேன், வாட்ச்மேன் பக்கத்துல. என் கார், என் பொண்டாட்டி. நான் யாரு இங்க?

"நில்லு!" என்று கத்திவிட்டேன்.

அந்த நொடியே நின்றது. அரை இஞ்ச் கூட உருளவில்லை. ஹேண்ட் பிரேக் இழுக்கும் சத்தம். பாலச்சந்திரன் கையைத் தூக்கியபடி உறைந்து நின்றார். பெர்சிஸ் எட்டிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. என்ன, எங்கே என்ற கவலை மட்டும்தான்.

"என்னங்க?"

பின்னால் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

"பூனை" என்றேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஷாப்பில் ஒருவன் காரணமில்லாமல் நில் என்று கத்தினால் அவனைச் சும்மா விடமாட்டேன். அடுத்த முறை நிஜமாகவே ஆபத்து வரும்போது ஆபரேட்டர் யோசிப்பான். அந்த ஒரு யோசனையில் ஆள் நசுங்கிப் போவான். பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதைச் சொல்கிறவன் நான்.

அவள் கேட்டாள். இத்தனை நாள் எது வேண்டும் என்று புழுங்கினேனோ, அதைச் செய்தாள். அதை நான் எதற்குப் பயன்படுத்தினேன்?

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. அவள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மார்க்கெட் போய் வந்தாள். நான் பால்கனியில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

சாப்பிடும்போது கேட்டாள்: "அந்தப் பூனை என்ன கலர்?"

"சாம்பல்" என்றேன். அவள் அப்பளத்தை உடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 24, சனி

சாயங்காலம் அறையிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. பாலா சார் கடையில இன்னிக்கும் நாளைக்கும் ஸ்டாக் எடுக்கிறாங்களாம், வரமாட்டார். சிக்னலுக்கு ஆள் வேணும்."

கெசியாவின் பழைய லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள். திரையில் ஆரஞ்சு உடுப்பில் ஒரு சின்ன மனிதன். அது நான். எதிரே ஹமாலி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

"ஒரு கண்டிஷன்" என்றாள், திரும்பாமலே. "பூனை இல்லாத இடத்துல பூனை வரக் கூடாது."

எனக்குக் காது சுட்டது. "ஹவ்" என்றேன்.

அவள் பெட்டியைத் தூக்கினாள். அவள் கண்ணுக்கு இப்போது பெட்டி மட்டும்தான். திங்கட்கிழமை அந்த மனிதர் ஆட்டத்துக்கு வந்துவிடுவார், தெரியும். அதை நினைத்தால் இப்போதும் உள்ளே கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

"வரட்டும்" என்றேன். "வரட்டும்... இடது பக்கம் கொஞ்சம்..." ஒருமுறை நில் என்ற சொல் தொண்டை வரை வந்தது. பார்த்தேன், வழி சுத்தமாக இருந்தது. விழுங்கிவிட்டு வரட்டும் என்றேன். பெட்டி மெதுவாக இறங்கி, கோட்டுக்குள் சரியாக உட்கார்ந்தது.

அருமை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பரவாயில்லை" என்று வந்துவிட்டது.

பெர்சிஸ் சிரித்தாள். "அடுத்த பெட்டி எடுக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டாள்.