சிவப்பு மாட்டின் சொந்தக்காரர்

சார்,

நேற்று உங்கள் மகள் வந்து படத்தை என் அறையில் மாட்டிவிட்டுப் போனாள். சுற்றியிருந்த போர்வையை எடுத்ததும் அதே வாசனை, பழைய எண்ணெயும் மரச்சட்டத்துப் புழுதியும் கலந்தது. உங்கள் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது போல இருந்தது. உங்களிடம் பேச வேண்டும் என்றேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கார் ஓட்டத் தெரியாதவனுக்கு டெக்சஸில் இந்த ஃபிரிஸ்கோ ஊரில் காலே கிடையாது. கோவிலில் பேசிப் பழகிய நீங்கள்தான் வாரம் இரண்டு நாள் வந்து கூட்டிப்போவீர்கள். நான் கைநாட்டு என்று தெரிந்த பிறகும் உங்கள் குரல் மாறவில்லை. ஈரோட்டுப் பக்கம் மாட்டுத் தரகு பார்த்தவன் என்றதும், "அப்ப இந்த மாட்டுக்குச் சுழி பாத்துச் சொல்லுங்க, தரகரே" என்று இந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினீர்கள்.

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்து என்றீர்கள். மழைக்கு இருட்டும் வானம், ஓடை, முன்னங்காலைத் தண்ணீரில் வைத்து நிற்கும் சிவப்பு மாடு. டெக்சஸுக்கு வந்த புதிதில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது உங்கள் மனைவி வாங்கியது. பெயர் இருந்த மூலை மட்டும் ஈரத்தில் உரிந்துபோயிருந்தது. "இவ்ளோ பொறுமையா வரைஞ்ச மனுஷன் பேர் இல்லாம நிக்கலாமா? கண்டுபிடிங்க" என்று கடைசிவரை கேட்டார்களாம். அவர்கள் போய் எட்டு வருஷமாகியும் நீங்கள் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் இதயமும் தளர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரம், "நான் போறதுக்குள்ள அவளுக்குப் பதில் சொல்லணும்" என்றீர்கள்.

அதற்கப்புறம்தான் பேத்தியோடு மியூசியம் போனேன். ஒரு வைக்கோல் வண்டிப் படம். அதன் ஓரத்தில் உங்கள் படத்து மாடு நின்றது. எனக்குக் கால் நகரவில்லை.

"தாத்தா, கம் ஆன். இட்ஸ் ஜஸ்ட் எ கௌ."

"போட்டோ புடி கண்ணு. கீழ இருக்கிற எழுத்தையும் சேத்துப் புடி."

நீங்கள் நம்பவில்லை. "நூத்தம்பது வருஷம் முன்னாடி செத்த மாட்டுக்கு நீங்க சாட்சியா, தரகரே?"

"அதே மாடுங்க சார். இடக்கொம்பு கண்ணப் பாத்து எறங்குது. காதுல பிளவு. தோளுக்குப் பின்னால கிழிஞ்ச எலையாட்டம் வெள்ளை. உங்க வீட்டுப் படத்துல ரெண்டாம் ஈத்து எளசு, அங்க கிழடாயிருச்சு. அதான் படிச்சவங்களுக்குப் புடிபடல."

சிரித்தீர்கள். ஆனாலும் அன்றைக்கே மியூசியத்துக்கு எழுதினீர்கள். எழுதியதைத் தமிழில் எனக்குச் சொன்னீர்கள்: "மாடு தெரிந்த என் நண்பர் சொல்கிறார்" என்று தொடங்கியிருந்தது. என் பேச்சுக்கு அப்படி ஓர் இடம் யாரும் கொடுத்ததில்லை, சார்.

ஒரு மாதம் கழித்து அங்கிருந்து ஓர் அம்மாள் வந்து, படத்தை விளக்கு வைத்துப் பார்த்தார். இரண்டையும் வரைந்தது ஒரே கைதான் என்றார். வரைந்தவர் ஒரே சிற்றூரிலேயே வாழ்ந்து, படங்கள் அதிகம் விற்காமலே செத்துப்போன மனிதராம். சொந்தமாக ஒரே ஒரு மாடு. அதன் கொம்பையும் காதையும் நோட்டு நோட்டாக வரைந்து வைத்திருக்கிறார். நானும் மாட்டை அப்படித்தான் பார்த்தேன், விற்பதற்காக. அவர் சும்மா பார்த்திருக்கிறார்.

அந்த அம்மாள் போனதும் என்னை உங்கள் மனைவியின் போட்டோ முன்னால் நிறுத்தினீர்கள். "கண்டது நீங்க. நீங்களே அவகிட்ட சொல்லுங்க."

வரைந்தவர் பெயர் என் நாக்கில் சிக்கியது. இரண்டு தடவை முயன்றேன். கடைசியில், "அம்மா, மாட்டுக்காரர் கெடைச்சுட்டாருங்க" என்றேன். கண்ணாடி கழன்று விழும் அளவுக்குச் சிரித்தீர்கள். எடுத்துத் துடைத்தீர்கள், வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு பெயரை நீங்களே மெதுவாகச் சொன்னீர்கள்.

நீங்கள் போன நாளிலிருந்து பேத்தி அந்தப் பெயரை எனக்குச் சொல்லித்தருகிறாள். தப்பாகச் சொன்னால், "எகெய்ன், தாத்தா" என்கிறாள். இன்று காலை காபியோடு படத்தின் முன்னால் நின்று, தடுமாறாமல் சொல்லிவிட்டேன்.

ஆல்ஃபிரட் பெனிகாட்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், சார். தரகர் இப்போது பெயரோடு சொல்கிறார் என்று.