மிச்சமிருந்த பதினோரு மீன்கள்

2016 மே 15, ஞாயிறு
தூண்டிலில் ஒன்றும் சிக்கவில்லை. இரைக்கு வாங்கிய சிவப்புவால் பொடிமீனில் பதினொன்று வாளியில் மிச்சம். தரையில் கொட்டிவிடுங்கள், ஏரியில் மட்டும் விடாதீர்கள், இது வெளியூர் மீன் என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆனால் நேற்று டியூட்டியில்தான், வார்டில் எட்டாம் படுக்கைப் பெரியவர் என் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு இன்னொரு சாவைப் பார்க்கத் தெம்பில்லை. வாளியைத் தண்ணீரில் சாய்த்தேன். ஒன்று மட்டும் போகாமல் அடியிலேயே நின்றது. விரலால் தள்ளிவிட்டேன்.

மே 16
நல்ல தூக்கம்.

2018 ஜூன் 8
அண்ணன் வீட்டில் சாப்பாடு. அவன் வலையில் இப்போது பாதிக்குமேல் ஏதோ பொடிமீன்தானாம். விலை போகாது, வாயில் வைத்தால் வெறும் முள். மற்ற மீன்களின் முட்டையை எல்லாம் இதுதான் தின்று தீர்க்கிறதாம். முப்பது வருஷமாக இந்த ஏரியில் வலை போடுகிறான், இப்படி ஒன்றைக் கண்டதே இல்லையாம். அண்ணி ஒன்றைத் தட்டில் வைத்துக் காட்டினாள். சிவப்பு வால்.
வீட்டுக்கு வந்து பழைய டைரியைத் தேடி எடுத்தேன். பதினொன்று என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பதினொன்று எப்படி இத்தனை ஆகும்? ஆகும். அதுகூடத் தெரியாதவளா நான்?

ஜூன் 20
கடைக்காரர் தொட்டி கழுவிய தண்ணீரை மீனோடு ஏரியில் ஊற்றிவிட்டார் என்று மீனவர் சங்கத்தில் முடிவுகட்டி, கடையை மூடவைத்துவிட்டார்கள். முன்னால் நின்று பேசியவன் என் அண்ணன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஜூன் 23
கடைப் பக்கம் போனேன். காலித் தொட்டிகளை வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். யார் யாருக்கு விற்றோம் என்று அவருக்குத் தெரியாதா? "டியூட்டி முடிஞ்சுதாம்மா?" என்றார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 24
நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 25
நாளைக்கு.

ஜூன் 27
சொல்லிவிட்டேன். சங்கத்து அறையில், பத்துப் பேர் முன்னால்.
அண்ணன் கேட்டான்: "தெரியாமப் பண்ணிட்டியா?"
ஆமாம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவனே வழி விட்டான்.
"இல்லண்ணா. விடாதீங்கன்னு அவர் சொல்லித்தான் குடுத்தாரு. பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்."
"அதுங்களுக்குப் பாவம் பாத்திருக்க" என்றான். "சரி."
செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 6
கடை திறந்துவிட்டது. தொட்டிகள் காலி. இனி மண்புழு மட்டும்தான் விற்பாராம்.

செப்டம்பர் 14
அண்ணன் படகை விற்றுவிட்டான். அண்ணி சொல்லித்தான் தெரியும். என் போனை அவன் எடுப்பதில்லை. எந்த முகத்தோடு நேரில் போய் நிற்பது?

அக்டோபர் 3
இந்த வாரம் எனக்கு வெளிநோயாளிப் பிரிவு. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்கள் உடல்தகுதிச் சான்றுக்கு வந்திருந்தார்கள். வரிசையில் அண்ணன். கட்டம் போட்ட புதுச் சட்டை.
பக்கத்து மேசை நர்ஸ் சும்மாதான் இருந்தாள். அவன் என் மேசைக்கு வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினான். பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன்.
"எவ்வளவு இருக்கு?"
"கொஞ்சம் கூடத்தான்ணா. பத்து நிமிஷம் இங்கயே உட்காரு, திரும்பப் பார்க்கறேன்."
உட்கார்ந்தான்.