பலாலியில் நேரே இறங்கட்டும்

வெள்ளவத்தை, கொழும்பு,
புரட்டாதி, 2002.

அன்பின் அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கே சோதனைச்சாவடிகள் குறைந்துவிட்டன. இந்தச் சமாதானம் எத்தனை நாளைக்கென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் என் கடை இருக்கும் காலி வீதியில் சனம் சிரித்துக் கதைத்துக்கொண்டு போகிறது.

நான் கூட்டத்தில் கதைத்த செய்தி ரொறன்ரோவரை வந்துவிட்டதை நீங்கள் தொலைபேசியில் ஏசியதில் அறிந்துகொண்டேன். அரைகுறையாகத்தான் கேட்டிருப்பீர்கள். நடந்ததை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தை வெளிநாட்டு விமானங்களுக்கும் திறப்பதா என்று கருத்துக் கேட்க, அரசாங்கத்தார் இங்கே ஒரு ஹோட்டலில் கூட்டம் வைத்தார்கள். விமான ரிக்கற் விற்கும் கடைக்காரி என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து பலாலிக்கு விமானம் விடும் கம்பனியின் மனேஜர் முதலில் கதைத்தார். சென்னையிலிருந்து நேரே விமானம் வந்தால் தங்கள் தொழில் படுத்துவிடும், யாழ்ப்பாணத்தார் கொழும்பு வந்து போவதில் என்ன குறை என்றார். எங்கள் பெரிய மனிதர்களும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அத்தானின் முகம் கண்முன் வந்தது. எழும்பி நின்றேன்.

"ஐயா, போன தை மாதம் என்ர அக்காவின்ர புருஷன் நாகேந்திரத்தை இருதய ஒப்பரேஷனுக்குச் சென்னைக்குக் கொண்டுபோக வெளிக்கிட்டனாங்கள். கடலைத் தாண்டினால் இந்தியா. ஆனா அவர் உங்கட பிளேனிலை இடம் கிடைக்காமல் கப்பலிலை திருகோணமலை வந்து, பஸ்ஸிலை கொழும்பு வந்து, பொலிஸ் பதிவுக்கும் விசாவுக்கும் காத்திருக்கேக்கை என்ர வீட்டுக் கட்டில்லை செத்தவர். உங்கட தொழில் படுத்தால் திருப்பி எழும்பும். அவர் எழும்பமாட்டார். பத்துக் கம்பனி வரட்டும். நல்லா ஓட்டிறவனிட்டைச் சனம் ஏறும்" என்றேன்.

தலைமை தாங்கிய அதிகாரிக்குத் தமிழ் விளங்கவில்லை. நானே சிங்களத்தில் மறுபடி முழுவதும் சொன்னேன். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.

கொஞ்ச நாளில் அந்தக் கம்பனி என் கடைக்கு ரிக்கற் தருவதை நிறுத்திவிட்டது. மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம் என்று மனேஜர் தொலைபேசியில் சொன்னார். "அத்தானிட்டை நீங்கள் கேளுங்கோ, பிறகு நான் கேக்கிறன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கடையில் ஈ காக்கை இல்லை. மூடலாமோ என்று நினைத்து அழுததும் உண்மை.

அப்போதுதான் தெஹிவளையிலிருந்து ஹாஷிம் வந்தார். அதே தொழில், எனக்குப் போட்டிக்காரர். எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறோம். "தங்கச்சி, இண்டைக்கு உங்களுக்கு. நாளைக்கு எங்களுக்கும் இதுதானே" என்றார். அந்தக் கம்பனியின் விளம்பரப் பலகையைத் தன் கடையிலிருந்தும் கழற்றிவிட்டதாகச் சொன்னார். அவரைப் பார்த்து மருதானை, கொட்டாஞ்சேனைக் கடைக்காரர்களும் கழற்றினார்கள். இப்போது இரத்மலானையிலிருந்து இன்னொரு கம்பனியும் பலாலிக்குப் பறக்கிறது. நாங்கள் எல்லோரும் அதற்கே ரிக்கற் விற்கிறோம். பழைய கம்பனி தானாகவே கட்டணத்தைக் குறைத்திருக்கிறது!

வெளிநாட்டு விமானங்களுக்கு மட்டும் "பாதுகாப்புக் காரணம், இப்போதைக்கு இல்லை" என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்திலும் கதைக்கப்போகிறேன். அங்கும் மறுத்தால் அதற்கடுத்ததிலும்.

தனியே இருக்கும் பெண், வாயை மூடிக்கொண்டு கனடாவுக்கு வா என்கிறீர்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு நீங்கள் போனதைப் பிழையென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நான் போகாததை நீங்களும் பிழையென்று சொல்லவேண்டாம்.

தை மாதம் அத்தானின் ஆண்டுத் திவசம். அக்கா உங்களைக் கேட்டபடி இருக்கிறா. என்னோடு கோபமென்றால் கோபத்தோடேயே வாருங்கள், அண்ணா. வந்து எனக்கு முன்னால் நின்று ஏசுங்கள்.

உங்கள் தங்கை,
சரோஜினிதேவி