எஞ்சினுக்கு உயிர் இருக்கிறது

நாகர்கோவில்,
1934 ஆவணி.

அன்புள்ள மகன் ஆபேலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் தங்கை பூங்கனியும் சுகமாயிருக்கிறோம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். லாரியை விற்கச் சம்மதம் என்று நீ முத்துநாயகம் சித்தப்பாவுக்கு அனுப்பிய கடுதாசியை அவர் கொண்டுவந்து நீட்டினார், வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன், நீ கோபித்தாலும் சரி. அப்பா போன பிறகு இந்த வீட்டில் உலை கொதிப்பது அந்த லாரியால்தான். பழைய இரும்பு வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "மைனி, எஞ்சினுக்க உயிரு போச்சு, ஏத்தத்துல மூச்சு வாங்குது, இரும்பு வெலைக்குத் தள்ளீருங்க, பொம்பளைக்கு எதுக்கு லாரி" என்றார் சித்தப்பா. அந்தக் கடைசிச் சொல்தான் எனக்குச் சுருக்கென்றது. உயிர் போனதா இல்லையா என்று பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று சொல்லி, நம் டிரைவர் யேசுரத்தினத்தை எஞ்சின் சூடாகும்வரை ஓட்டச் சொன்னேன். பிறகு நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு அவர் ஹேண்டிலைச் சுற்ற, நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே காற்று எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று பார்க்க ஒவ்வொரு துளையாகக் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது, பார்க்கட்டும். மூன்று துளைகளில் காற்று விரலைத் தூக்கி எறிந்தது. ஒன்றில் மட்டும் சின்னப்பிள்ளை ஊதுகிற மாதிரி இருந்தது. சித்தப்பா சிரித்தார். யேசுரத்தினம், "அக்கா, அதுல கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாப்போம். காத்துக்கு பலம் கூடிச்சுன்னா பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சு, பெரிய வேலை. கூடல்லேன்னா வால்வுதான் சரியா மூடல்ல, அது சின்ன வேலை" என்றார். எண்ணெய் விட்டு மறுபடி சுற்றும்போது எனக்கு ஜெபம்கூட வாயில் வரவில்லை மக்கா. காற்று பழையபடி மெலிந்தே வந்தது. வால்வுதான்! இரும்புக்காரரை வந்த வழியே அனுப்பினேன்.

வால்வைத் தேய்த்து மாட்டியபின் குளச்சல் கருவாட்டை ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை எதிர்த்து லாரி திணறாமல் போனது, டிரைவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்து போனேன். சித்தப்பா இப்போது கோயிலில் என்னோடு பேசுவதில்லை, அதனால் பிரசங்கம் நன்றாகக் கேட்கிறது. பூங்கனி லாரி ஓட்டப் படிக்கிறேன் என்கிறாள், சரி என்று சொல்லிவிட்டேன், நீ தடுத்து எழுதாதே. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, மழையில் நனையாதே. இனி லாரியைப் பற்றி எதுவானாலும் எனக்கு எழுது, வேறு யாருக்கும் வேண்டாம். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஊரில் என்னை லாரிக்காரி என்று கேலி பேசுகிறார்களாம், எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது.

உன் அம்மா,
லாரிக்காரி எலிசா.