இனி நீங்களே பேசிக்கொள்ளுங்கள்

பாசமுள்ள அப்பாவுக்கு,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் அம்மா சொல்லி அனுப்பியது எதுவும் இல்லை. எல்லாமே நான் சொல்வது. அதனால் பதிலுக்கு "உங்கம்மாகிட்ட சொல்லு" என்று உங்களால் ஆரம்பிக்க முடியாது.

நீங்கள் போய் நான்கு வருடம் ஆகப்போகிறது. உப்பளத்து வீட்டில் நானும் அம்மாவும்தான். கன்னியர் நடத்தும் அதே பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அதே மனையியல் சொல்லிக்கொடுக்கிறேன். "முட்டை வேக வைக்கிறதுக்கா எம்.எஸ்ஸி. படிச்சே?" என்று சிரிப்பீர்களே, அந்தப் பாடம். அதில் மனித வளர்ச்சி, குடும்ப உறவுகள் என்று ஒரு பகுதி உண்டு. போன வாரம் அதை நடத்தியதற்காக என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. ஏன் என்பதை உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

வகுப்பில் பிள்ளைகளை அவரவர் வீட்டை வரையச் சொன்னேன். ஆளுக்கு ஒரு வட்டம். யார் யாரிடம் நேராகப் பேசுகிறார்களோ அவர்களுக்கு நடுவே ஒரு கோடு. தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் தர்ஷினி மூன்று வட்டம் போட்டிருந்தாள். அப்பாவிலிருந்து அவளுக்கு ஒரு கோடு, அவளிடமிருந்து அம்மாவுக்கு ஒரு கோடு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் வெறும் தாள்.

"இதுல தப்பு ஒண்ணும் இல்லயே மிஸ்? எங்க வூட்ல சண்டையே வராது" என்றாள்.

அது நம் வீடு அப்பா.

நான் ஒன்பதாவது படிக்கும்போது நீங்களும் அம்மாவும் பேச்சை நிறுத்தினீர்கள். எதற்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தை வீட்டுக் கல்யாணமா, யாராவது ஏதாவது சொன்னார்களா? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நான்கடி தள்ளி நிற்கும் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரியே, "கொழம்புல உப்பு இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பீர்கள். அம்மா அசையமாட்டாள். நான் திரும்பி, "அம்மா, உப்பு இல்லியாம்" என்று சொன்ன பிறகுதான் அவளுக்குக் காது கேட்கும். "ஜாடி அவுரு கைக்குப் பக்கத்துலதான் கீதுன்னு சொல்லு" என்பாள். அதையும் நான் சொல்ல வேண்டும்.

சொன்னதை எல்லாம் அப்படியே சொல்லிவிடவும் முடியாது. "திமிரு புடிச்சவ" என்று நீங்கள் சொன்னது சமையலறைக்குப் போய்ச் சேரும்போது "சரின்னாரும்மா" என்று ஆகியிருக்கும். அம்மாவின் வசவுகளையும் வழியிலேயே விழுங்கினேன். வீட்டுக்கு வருகிறவர்கள், செலின் எவ்வளவு பொறுப்பான பெண் என்பார்கள். அது பொறுப்பு இல்லை அப்பா. இரண்டு பெரியவர்கள் தூக்க மறுத்ததைத் தூக்கி ஒரு பிள்ளையின் தலையில் வைத்தது.

எனக்கு விடுமுறை ஜெபமாலை நேரத்தில் மட்டும்தான். "அருள் நிறைந்த மரியே" என்று நீங்கள் தொடங்குவீர்கள். பாதியில் நிறுத்துவீர்கள். மீதியை அம்மா சொல்லி முடிப்பாள். ஐம்பத்து மூன்று முறை. மாதா நடுவில் நின்று வாங்கிக்கொண்டார். நான் கண்ணை மூடி உங்கள் இரண்டு குரலையும் கேட்டுக்கொண்டிருப்பேன். அதே வருடங்களில்தான் இதே பள்ளியில், குடும்பம் ஒரு குட்டித் திருச்சபை என்று எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன்.

உங்கள் மேல் பாசம் இல்லாமல் இதை எழுதவில்லை. பொதுத்தேர்வுக்குப் படித்த நாட்களில் விடியற்காலையில் நீங்களே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தீர்கள். சர்க்கரை அதிகமாக இருக்கும். ஒரு நாளும் நான் அதைச் சொன்னதில்லை. பாசத்துக்காகப் பேசாமல் இருந்தது அந்த டீயோடு போகட்டும்.

தர்ஷினி அன்று வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள். "நான் போய் சொல்லலன்னா இன்னா ஆவும் மிஸ்?"

"ஒண்ணும் ஆவாதும்மா. ரெண்டு பேரும் பெரியவங்க. நீங்களே பேசிக்கோங்கன்னு மரியாதயா சொல்லலாம்" என்றேன். நான் செய்த குற்றம் இவ்வளவுதான்.

இரண்டு நாளில் அவள் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். அவள் அம்மாவும் வந்திருந்தார், இரண்டு நாற்காலி தள்ளி. நடுவில் தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா சிஸ்டர் பள்ளிக்கூடம் இது? உங்கம்மாவ சோறு போடச் சொல்லுன்னா, நீங்களே கேளுங்கப்பாங்குறா. மிஸ் சொல்லிக் குடுத்தாங்களாம்!"

தலைமையாசிரியை சிஸ்டர் என்னைப் பார்த்தார். "ஒரு சாரி சொல்லிடுங்க டீச்சர். சார் கெளம்பிடுவாரு."

"எதுக்கு சிஸ்டர்? புருஷன் பொண்டாட்டிகிட்ட பேசணும்னு சொன்னதுக்கா? கல்யாணப் பூசையில சாமியார் சொல்றதும் அதத்தானே?"

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தர்ஷினியின் அப்பா எழுந்துவிட்டார். "தர்ஷினி, உங்கம்மாவ எழுந்து வரச் சொல்லு. போலாம்."

தர்ஷினி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவள் அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். மனைவியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "ஏ... இந்தாம்மா... வா, போலாம்" என்றார்.

"வண்டியில மூணு பேரு போவ முடியாது. நீங்க போங்க. நாங்க பஸ்ல வரோம்" என்றார் அந்த அம்மா.

பேச்சில் இனிமை ஒன்றும் இல்லை. ஆனால் நேராகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இப்போது என் கையில் ஒரு மெமோ இருக்கிறது. விளக்கம் எழுதித் தர வேண்டுமாம். இனி எந்த வகுப்பிலும் வீட்டை வரையச் சொல்லக் கூடாதாம். பக்கத்து செக்‌ஷனுக்கு நேற்று வரையக் கொடுத்தேன். விளக்கமும் எழுதுவேன், பாடப்புத்தகத்தில் இருப்பதை வைத்தே. மன்னிப்பு என்ற சொல் அதில் இருக்காது. வேலை போகுமா? போகலாம்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "உங்கம்மாகிட்ட சொல்லு" என்றீர்கள். அதற்கு மேல் வரவில்லை. அம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள். கூப்பிட்டிருந்தால் எழுந்து வந்திருப்பாள். "இன்னாடி சொன்னாரு?" என்று கேட்டாள். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. என்ன சொல்ல வந்தீர்கள் அப்பா? அதை ஏன் அவளிடமே சொல்லக் கூடாதென்று இருந்தீர்கள்?

மெமோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "செலின், மாடி ஒழுகறத அடச்சாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"அவுரு போனப்புறமுமா? இனிமே நான் சொல்ல மாட்டேம்மா. நீயே சொல்லு."

"பேசி எத்தினி வருஷம் ஆச்சு. இன்னான்னுடி ஆரம்பிக்கிறது?"

"மாடியிலேருந்தே ஆரம்பி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "திட்டலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா" என்றேன்.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். அம்மாவை அழைத்து வருவேன். கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நான் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கமாட்டேன். நீங்கள் ஏதாவது சொன்னாலும் வாங்கிக்கொண்டு போகமாட்டேன். அவள் பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மகள், அவ்வளவுதான்,
செலின்