கருங்கல், மணல், ஸ்கூட்டர் டியூப்

ஆடி 3, திங்கள். விடிந்ததிலிருந்து தூறல்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், போன் எழுதுகிறது. மைக் படத்தை அமுக்கக் காட்டிக்கொடுத்தது மகள் சரசு. எழுதியதை எடுத்துப் படிக்கிறாளோ என்று ஒரு சந்தேகம். எனக்குப் படித்துக் காட்டுவதில்லை. அதனால் சந்தேகம்.

அது எந்த வருஷம் என்று எண் தெரியாது. பாலாற்றுச் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒற்றை யானை எங்கள் பஸ்ஸை ஒரு பகல் முழுக்க நிறுத்தி வைத்த வருஷம். சரசுவுக்கு இன்னும் பல் முளைக்காத வருஷம். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் எங்கள் பஜனைக் குழு, இதே மைசூரில், பலகைத் தரை போட்ட ஒரு ஹாலில் பாடியது இசைத்தட்டு ஆனது. ஆறு பேர். ஐவர் பாட்டு, நான் மேளம். மைக் வைத்தவர் மேளச் சத்தம் ஆகாது, வெளியே வை என்றார். குழுவுக்குத் தலைவர் ராமண்ணன். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. செவுத்தோரமா நில்லு என்றார். நின்ற இடத்தில் ஒரு ஆணி என் இடது பாதத்தில் ஏறியது. ரத்தம். ஆஸ்பத்திரியில் ஊசி. அந்தப் பாட்டில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

திரும்பும்போது, யானை நகரக் காத்திருந்த பஸ்ஸில், ராமண்ணன் சொன்னார்: "நீயும் அதுலதான் இருக்கற. கேட்டாத் தெரியும்."

மேளம் இல்லாமல் நான் எப்படி இருப்பேன்? வாயை அடைக்கச் சொன்ன பேச்சு. அதற்குப் பிறகு அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

போன பங்குனியில் அவர் காரியத்துக்குத்தான் ஏறினேன். மருமகள் இசைத்தட்டைக் கையில் கொடுத்தாள். மாமா உங்களுக்குத் தரச் சொன்னார் என்றாள். இருக்கும்போதே ஏன் தரவில்லை? எதையோ மறைத்திருக்கிறார்.

கேட்டாக வேண்டும். நான் அதில் இருக்கிறேனா, இல்லையா.

ஆடி 4, செவ்வாய். தூறல்.

பழைய சாமான் கடையில் கிடைத்தவை: சுழலும் அலுமினியத் தட்டு, அதன் அச்சு, டேப்ரிக்கார்டர் மோட்டார், ரப்பர் பெல்ட், ஸ்பீக்கர். ஊசி மட்டும் புதிது, சரசு போனில் வரவழைத்தாள். ஊசியைத் தாங்கும் கையை மூங்கிலில் நானே சீவினேன். பின்னால் எடைக்கு ஒரு நட்டு. மோட்டார் நல்லது என்று கடைக்காரர் மூன்று தரம் சொன்னார். நல்லதென்றால் எதற்கு மூன்று தரம்?

நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வேண்டும். ஓரத்தில் சாக்பீஸ் கோடு. சரசு கடிகாரம் பார்த்தாள், நான் எண்ணினேன். நாற்பத்துமூன்று. மோட்டார் உருளையில் டேப் ஒரு சுற்று ஒட்டினேன். நாற்பத்தைந்து.

இசைத்தட்டைப் போட்டேன். ஒரே ஊளை. ஸ்பீக்கரும் அதே மேஜையில் இருந்ததால்தான். அடுத்த அறைக்கு மாற்றினேன். ஊளை போயிற்று. ராமண்ணன் குரல். அப்படியே இருக்கிறது. அதற்கு அடியில் டொம், டொம், டொம்.

டொம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் கங்கம்மாவின் ராகி மில்.

ஆடி 5, புதன். மழை விட்டது. முழங்கால் வலி.

நாற்பது வருஷம் வீடுகளுக்குக் கல் தரை போட்டவன். அதிர்வு எப்படி ஏறி வரும் என்று எனக்கா தெரியாது. அடியில் மரப்பெட்டி. அதில் சலித்த மணல். மணல்மேல் ஸ்கூட்டர் டியூப், பாதிக் காற்று. அதன்மேல் கருங்கல் பலகை. தண்ணீர்க் குழாய் வைத்து நான்கு மூலையும் மட்டம் பார்த்தாயிற்று. மோட்டாருக்குத் தனிக் கல். தட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே பெல்ட் மட்டும்.

மறுபடி டொம்.

கல்மேல் தம்ளரில் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் அசையவில்லை. டொம் நிற்கவில்லை. எதை நம்புவது?

கங்கம்மாவிடம் போய் அரை மணி மில்லை நிறுத்தச் சொன்னேன். வாசலில் நான்கு பேர் ராகியோடு காத்திருந்தார்கள். என்னை முறைத்துவிட்டு நிறுத்தினாள். வந்து போட்டால் அதே டொம். நான் முதுகைத் திருப்பியதும் ஓட விட்டிருப்பாள்.

சரசு சிரிக்கிறாள். "ஏனுங்கப்பா, பாட்டுக் கேக்கறதுக்கா, பக்கத்து வூட்டுக்காரிகிட்டச் சண்டை கட்டறதுக்கா இத்தனையும்? செவுத்துல கை வெச்சுப் பாருங்க மொதல்ல."

வைத்தேன். சுவர் சும்மா இருந்தது. கல் தூக்கிக் காய்த்த கை. அதற்குத் தெரியாமல் போயிருக்கும்.

ஆடி 6, வியாழன். வெயில் எட்டிப் பார்த்தது.

முழங்கால் மாத்திரை தீர்ந்தது. சரசுவிடம் சொல்ல வேண்டும்.

சந்தேகம் மோட்டார்மேல். பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தட்டை விரலால் சுற்றினேன். ராமண்ணன் குரல் எருமை கத்துவதுபோல் இழுத்தது. டொம்மும் கூடவே இழுத்தது. வேகமாகச் சுற்றினால் அதுவும் வேகம்.

அப்படியானால் மில் இல்லை. மோட்டார் இல்லை. இசைத்தட்டுக்குள்ளேயே இருக்கிறது.

புரிந்துவிட்டது. என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு இன்னொருவனைக் கூட்டிவந்து மேளம் சேர்த்திருக்கிறார். அதனால்தான் உயிரோடு இருந்தவரை கையில் தரவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. சரசு காரணம் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

ஆடி 7, வெள்ளி. மேகம்.

கன்னடக்காரர்களுக்கு ஆஷாட மாத வெள்ளி. கங்கம்மா மில்லைப் பூட்டிவிட்டுச் சாமுண்டி மலைக்குப் போய்வந்து பிரசாதம் கொடுக்க வந்தாள். சண்டையை மனதில் வைக்கவில்லை போலிருக்கிறது. அல்லது வேவு பார்க்க வந்தாளோ. போடு கேட்கலாம் என்றாள். போட்டேன். இடுப்பிலிருந்து மில் சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினாள்.

"பூட்டின மில்லு ஓடுதா அஜ்ஜா? இன்னமும் என்மேலதானா?"

இல்லை, எவனோ மேளக்காரன் என்றேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மேளம் அல்ல இது. பலகைமேல யாரோ காலு தட்றாங்க. நடுவுல ரெண்டு தட்டு வுட்டுட்டாங்க, பாருங்க."

ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். இரண்டாவது அடி பாடி முடிகிற இடம். டொம், டொம். பிறகு இரண்டு தட்டுக்கு ஒன்றுமில்லை. பிறகு டொம், கொஞ்சம் மெலிந்து. வேறு கால்.

இரண்டாவது அடி முடிகிற இடத்தில்தான் எனக்கு ஆணி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. பாடிக்கொண்டிருந்த பழனி திரும்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. தட்டியது ஞாபகத்தில் இல்லவே இல்லை. ஆனால் சும்மா நின்றவன் பாதத்தில் ஆணி எப்படி அவ்வளவு ஆழமாக ஏறும்? இத்தனை வருஷம் எல்லோர்மேலும் சந்தேகப்பட்டேன். இதை ஒரு தரம் யோசிக்கவில்லை.

கீழே பார்த்தேன். என் வலது கால் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

ராமண்ணன் பொய் சொல்லவில்லை.

நடுவில் ஒட்டிய காகிதத்தில் கன்னடத்தில் பெயர்கள். கங்கம்மா படித்தாள். ஐந்துதான். ஐவரும் இப்போது இல்லை. ராமன், போன பங்குனி. பழனி, கிணற்றில். சிவலிங்கம், சர்க்கரை நோயில். கோவிந்தன், பெங்களூரில் மகன் வீட்டில். கெம்பன், தூக்கத்தில்.

அவ்வளவுதானா என்று கேட்டாள்.

காகிதத்தில் இல்லாத ஒன்றைப் போனில் சொல்லிவைக்கிறேன். கால்: மாதப்பன். இருக்கிறான்.