பட்டிமேட்டில் இளம்புல்

கீழ் டிவிசன்,
பொகவந்தலாவை.
மே 18

அன்புள்ள தம்பி கஜேந்திரனுக்கு,

அண்ணி கிருஷாந்தி எழுதுவது. அண்ணன் போன நாளிலிருந்து உன் போன் அணைந்தே கிடக்கிறது. கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உன்னைப் பார்த்ததாக நம் லயத்து வரிசை வீட்டுக் கிஷாந்த் சொன்னான். மெலிந்து போயிருக்கிறாயாம். அவனைக் கண்டதும் பின்பக்கமாகப் போய்விட்டாயாம். அவன் கையில்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

உன் அம்மா நடமாடுகிறார்கள். சோறு சரியாக இறங்குவதில்லை. வாசலில் காலடி கேட்டால், "சின்னவனா?" என்று கேட்கிறார்கள். போன வாரம் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்கள். "ஒருத்தன அடக்கம் பண்ணிட்டேன், இன்னொருத்தன் எங்கன்னே தெரியல" என்றார்கள். அண்ணன் சாவுக்கு நீ ஏன் வரவில்லை என்று அத்தைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று காலை நீ தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பட்டிமேட்டுக்கு ஏறியதைப் பார்த்தேன். பீடி பற்றவைக்க என்று நினைத்தேன். பொலிஸ் வந்து கேட்டபோது யார் நெருப்பு வைத்தது என்று தெரியாது என்று சொல்லிவிட்டேன். உனக்காகச் சொன்னேன் என்று நினைக்காதே. அத்தைக்கு இனி இருப்பது ஒரு பிள்ளை.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. பால் பண்ணையை மூடிய பிறகு பட்டிமேட்டில் மானாப்புல்லைத் தவிர ஒன்றும் வளரவில்லை. அந்தப் புல்லை நம்பித்தான் நீ மாடு வாங்கினாய். அங்கே பழையபடி காடு வளர்க்கிறோம் என்று கண்டியிலிருந்து வந்தவர்கள் கம்பி வேலி அடித்தார்கள். அதே ஆட்கள் உன் அண்ணனை மரக்கன்று நட வேலைக்கு எடுத்தார்கள். "மரத்தையா கறக்கப் போறீங்க?" என்று நீ கேட்டாய். "மரம் வந்தா பீலியில தண்ணி வத்தாதுடா, ஒம்மாடும் குடிக்கும்ல" என்று அவர் சிரித்தார். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

மாசியில் காய்ந்த புல்லைக் கொளுத்தினால் மழைக்கு இளம்புல் வரும். ஊரில் எல்லோரும் செய்து வந்ததுதான். ஒரு ஓரத்தை மட்டும் எரிக்க நினைத்திருப்பாய். காற்று திரும்பிவிட்டது.

கன்றுகளைக் காப்பாற்றப் போய் அவர் செத்தார் என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். சாவு வீட்டுக்கு வந்த கண்டிக்காரர்களும் அப்படித்தான் பேசினார்கள். அது உண்மை இல்லை. அவரோடு வேலை செய்த தனுஜா என்னிடம் தனியாகச் சொன்னாள். தீயைக் கண்டதும் எல்லோரும் ரோட்டுக்கு இறங்கிவிட்டார்கள். அவரும்தான். "போனா போகட்டும், திரும்ப நடலாம்" என்று அவரே சொன்னாராம். அப்புறம் மேலே பழைய கொட்டில் பக்கம் உன் நீலச் சட்டை தெரிந்திருக்கிறது. "தம்பி மேல நிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறார். தனுஜா கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. நீ மேட்டின் மறுபக்கமாக இறங்கிப் போய்விட்டது அவருக்குத் தெரியாது.

லொறியில் என் மடியில்தான் தலை வைத்திருந்தார். புகையில் தொண்டை போய்விட்டது. "அவன் எறங்கிட்டானா?" என்று கேட்டார். "எறங்கிட்டான்" என்றேன். நீ எங்கே என்று அப்போது எனக்குத் தெரியாது. சும்மா சொன்னேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அவர் இல்லை.

இதை உனக்கு எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். உன்னை நோகடிக்கத்தான் எழுதுகிறேனா என்றும் கேட்டுக்கொண்டேன். பாதி அதற்குத்தான். மீதிப் பாதி, அண்ணன் உன்மேல் கோபத்தோடு போகவில்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்கு.

நீ நினைத்தது போலவே சித்திரை மழைக்கு மேடு முழுக்க இளம்புல் வந்துவிட்டது. அதை அறுத்துத்தான் உன் மாட்டுக்குப் போடுகிறேன். முதல் நாள் அறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். மாடு நன்றாகத் தின்கிறது. பால் கூடியிருக்கிறது.

தேயிலைக் கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு அவர் பார்த்த வேலைக்கே போகிறேன். அவர் நட்ட கீன மரக் கன்றுகள் பெரும்பாலும் கருகிவிட்டன. ஓடைக்கரையில் இருந்தவை தப்பின. சில கன்றுகள் செத்துவிட்டன என்று பிடுங்கப் போனால் அடியில் துளிர் இருக்கிறது. அடுத்த மாத மழைக்குத் திரும்ப நடுகிறோம். அவர் விழுந்த இடத்தில் அவர் நினைவாக என்ன மரம் வைக்கலாம் என்று கண்டிக்காரர்கள் கேட்டார்கள். ஒன்றும் வைக்க வேண்டாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் போய், மற்ற இடத்தில் வைப்பதையே அங்கேயும் வையுங்கள் என்றேன்.

தம்பி, நீ வா. முதலில் அம்மாவைப் பார். உன் வாயாலேயே அவர்களிடம் சொல்லு, வேறு யாரும் சொல்லிக் கேட்க வேண்டாம். பிறகு பொலிசுக்குப் போவோம். நானும் கூட வருகிறேன், நான் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வேன் என்றும் தெரியாது. ஆனாலும் வா.

இரவு பஸ்ஸில் ஏறாதே. மழைக்கு ரோட்டில் மண் சரிகிறது. பகல் வெளிச்சத்தில் வந்து சேர். வழியில் உனக்கு ஒரு கெடுதலும் வராமல் மாரியம்மன் கூட வரட்டும்.

உன் அண்ணி,
கிருஷாந்தி